அறைக்குள் கேட்ட மன்னிப்பு

...அப்படியென்றால் அந்த அழுகையும் சேர்த்தியில்லையா, ரயில் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனைத் தாண்டியும் நாகபூசணிக்கு மனம் ஆறவில்லை, முறைப்பாடு கொடுத்து ஏழு மாதம், ஏழு முழு மாதம் கழித்து இன்றைக்குத்தான் இவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்து மேனேஜர் வாய் திறந்தாள், ஆம், சொன்னேன், உன் கறுத்த கை பட்ட சாப்பாடு இங்கே பலருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லித்தான் சமையலில் இருந்து கோப்பை கழுவ அனுப்பினேன், பிழைதான், மன்னித்துக்கொள் என்று மூக்கைத் துடைத்தாள், பக்கத்தில் இருந்த வக்கீல் முழங்கையைத் தொட்டதும் கப்சிப், பிறகு மேசைக்கு மேலால் நீட்டினார்கள் ஒரு கடிதம், ஒரு தொகை தருகிறோம், வேலையை விட்டுவிடு, வெளியே மூச்சு விடாதே, தவறு எதையும் நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை... ஒப்புக்கொள்ளவில்லையா, அடி பாவி, இப்போதுதானே ஒப்புக்கொண்டாய்! உன் காசு வேண்டாம், சொன்னதை ஒரு தாளில் எழுதித் தா, என்னைத் திரும்பவும் அடுப்படிக்கு விடு, இவள் கேட்டது அவ்வளவுதான், அதற்கு மூன்று மணி நேர இழுபறி, கடைசியில் மனித உரிமை அலுவலகத்திலிருந்து சமரசம் பேச வந்த பெண் பேனையை மூடிவிட்டு, சரிவரவில்லை, இனி நீங்கள் நீதிமன்றம் போகலாம், ஆனால் இந்த அறைக்குள் பேசிய எதையும் அங்கே சொல்ல முடியாது என்றாள்.

நாளைக்கு நீதிபதி முன்னால் அந்த மேனேஜர் நான் சொல்லவேயில்லை என்று சத்தியம் பண்ணினால் இவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டுமாம், இதற்குப் பெயர் நியாயமான விசாரணை, இரண்டு பக்கமும் சமமாம், நல்ல சமம்... சாட்சி இருக்கிறதா என்று கேட்பார்கள், மேனேஜர் அப்படிச் சொன்ன அன்றைக்குக் குசினிக்குள் கூட நின்றது யோகா ஒருத்திதான், கரட் வெட்டிக்கொண்டு, தலை நிமிராமல், ஒரு சொல் விடாமல் அவள் காதில் விழுந்தது, ஆனால் படகில் வந்த பிள்ளை, கையில் இருப்பது தற்காலிக பிரிட்ஜிங் விசா, அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை, இந்த வேலையும் போனால் வேறு எவன் கொடுப்பான், அவளைப் போய்க் கூண்டில் ஏற்றுவதா, கேட்டால் நான் மனுஷியா, கேட்காவிட்டால் வழக்கு எங்கே... நினைத்துக்கொண்டிருக்கும்போதே விரல் போனில் யோகாவின் பெயரை அழுத்திவிட்டது.

“சொல்லுங்கோ அன்ரி, என்ன மாதிரி முடிஞ்சுது?”

“சரிவரேல்லைப் பிள்ளை. கோட்டுக்குத்தான் போகவேணும்.”

அந்தப் பக்கம் பாத்திரங்கள் மோதின, யாரோ ஆங்கிலத்தில் அவசரப்படுத்தினார்கள்.

“அப்ப நான் வந்து சொல்லுறன். நான் கேட்டனான்தானே.”

“உன்ரை விசா...”

“அதைப் பிறகு பாப்பம் அன்ரி.”

நாகபூசணிக்கு வந்தது சந்தோஷமா, இல்லை, எரிச்சல், யார்மேல் என்றுதான் தெரியவில்லை, மாட்டேன் என்று இந்தப் பிள்ளை சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதி, பழியை அவள் தலையில் போட்டுவிட்டு வழக்கைக் கைகழுவியிருக்கலாம், அதற்காகத்தான் போன் எடுத்தேனா...

“அன்ரி, லைனில நிக்கிறியளோ?”

வேண்டாம் பிள்ளை, நீ வராதே என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“ஓம், நிக்கிறன்,” என்றாள்.