பத்து நிமிடத் தள்ளுபடி

நேரத்தின் அடக்க விலை எண்பத்தைந்து காசு. மூவாயிரம் அட்டை அடித்தால்தான் அந்த விலை. ஆயிரம் போதும் என்றால் ஒன்றே கால் ரூபாய். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பீங்கான் கடை வைத்திருக்கிற நாங்கள் அதை ஜூலைக்கு ஜூலை அச்சாபீஸில் வாங்கி ஊருக்குச் சும்மா கொடுத்தோம்.

அட்டை என்பது சட்டைப் பையில் அடங்குகிற ரயில் நேர அட்டை. ஒரு பக்கம் விருத்தாசலத்தில் நிற்கிற வண்டிகள். மறுபக்கம் பஸ்கள். அதற்குக் கீழே பயணிகளுக்கு நாலைந்து குறிப்பு: டிக்கெட் கவுண்டருக்குச் சில்லறையோடு போங்கள், சீசன் டிக்கெட் புதுப்பிக்க ஒண்ணாம் தேதி போகாதீர்கள், படிக்கட்டுக்கு நேராக நிற்பது நடுப்பெட்டி, குடிதண்ணீர்க் குழாய் பிளாட்பாரத்தின் எந்தக் கோடியில் என்று. தலைப்பில் ஊறுகாய் ஜாடி படத்தோடு எங்கள் கடைப் பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் காலண்டர் ஆணியில் அது செருகியிருக்கும்.

அதில் ஒரு பொய் இருந்தது. என் அப்பா வைத்தது. அரியலூர் வியாபாரி ஒருவர் எங்கள் கடையில் நின்று ஜாடிக்கு எட்டணா குறைத்துப் பேசிப் பேசியே வண்டியை விட்டுவிட்டார். எட்டணாவும் குறையவில்லை. அடுத்த மாதம் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அதிலிருந்து அப்பா எல்லா வண்டிக்கும் பத்து நிமிடம் முன்னதாகவே நேரம் போட ஆரம்பித்தார். ஆறரை மணி வண்டிக்கு ஆறு இருபது. விலையை ஏற்றிச் சொல்லிப் பழகிய குடும்பம், நேரத்தை இறக்கிச் சொன்னது; அவ்வளவுதான்.

ஊர் விடுமா? நூறு ரூபாய் சொன்னால் அறுபதிலிருந்து ஆரம்பிக்கிற ஜனம். ஒரே வருஷத்தில் கண்டுபிடித்துவிட்டது. ஜாடிக்கடை அட்டை என்றால் பத்து கூட்டிக்கொள் என்று பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது மாப்பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார்கள். சொன்ன எங்களுக்கும் அது பொய் என்று தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். நடுவில் ஒரு பயலும் வண்டியை விட்டதில்லை. இருபது வருஷம் சுத்தமாக ஓடிய வியாபாரம் அது.

அதைக் கெடுத்தது உண்மை. கொண்டுவந்தவர் விருத்தகிரி சார். அந்த ஆறரை மணித் திருச்சி பாசஞ்சரில் தினமும் அரியலூர் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிற வாத்தியார். சீசன் டிக்கெட் பயணிகள் சங்கத்துக்குச் செயலாளர். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஜூலைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, புது அட்டவணையைத் தன் கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சில வண்டிகளுக்கு நேரம் மாறியிருந்தது. திருச்சி பாசஞ்சர் மட்டும் பழையபடி ஆறரைதான். இந்தத் தடவை இருக்கிற நேரத்தை இருக்கிறபடி போட்டால், சங்கத்து ஆட்கள் நானூறு பேருக்கும் உங்கள் அட்டையையே கொடுக்கிறோம் என்றார்.

நானூறு பேர், நானூறு வீடு, வீட்டுக்கு ஒரு ஜாடி. என் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று விளக்க வேண்டியதில்லை. சரி என்றேன்.

போகும்போது அவர் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். அட்டையின் அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: இனிமேல் பத்து நிமிடம் கூட்ட வேண்டாம்.

"அப்படிப் போட்டா இத்தினி வருஷமா பொய்யி போட்டோம்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும் சார்" என்றேன்.

"ஊருக்கே தெரிஞ்சதுதானங்க."

"தெரியறது வேற, அச்சுல வர்றது வேற."

காரணம் அது மட்டுமில்லை. அடி வரியை மிக்சி ரிப்பேர் கடைக்காரருக்கு விளம்பரத்துக்காக நானூறு ரூபாய்க்கு அதற்கு முன்பே விற்றிருந்தேன். அதற்குப் பதிலாக மேலே 'சரியான நேரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். போலி விற்கிறவன்தான் அசல் என்று கொட்டை எழுத்தில் போடுவான் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? எல்லோரும் வாங்கினார்கள், மேலே எழுதியிருந்ததைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், பையில் போட்டுக்கொண்டார்கள்.

தினசரி போகிறவனுக்கு அட்டை தேவையில்லை. அவன் காலுக்கே வண்டி நேரம் தெரியும். அட்டையைப் பார்ப்பவன் வருஷத்துக்கு ஒரு தடவை ரயில் ஏறுகிறவன்.

அப்படிப்பட்டவர் கொளஞ்சிநாதன். சிப்பாய் மாதிரி உயரம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, எங்களுக்குச் சரக்கு போடுகிற ஒரு பீங்கான் பட்டறையில் சூளை வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்ததும் சரக்குக் கூடையோடு எங்கள் கடைக்கு வருவார். அவர் கொண்டுவரும் கூடையில் உடைசல் என்று ஒன்றைப் பார்த்ததில்லை. எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்து பதினெட்டு வருஷம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கடலூர் போய்ப் புதுப்பித்து வந்தவர். அந்தச் செப்டம்பரில் அவருக்குக் கடிதம் வந்தது. அரசாங்கத்தில் ஒரு துறை, பதிவு மூப்புப்படி வேலை. திருச்சியில் சான்றிதழ் சரிபார்ப்பு, காலை ஒன்பதரை. சரிபார்த்தால் வேலை. அடுத்த கடிதம் வருகிற வரைக்கும் அவர் வயது காத்திருக்காது. வரம்பு தாண்ட இரண்டே மாதம் இருந்தது. கடிதத்தை எங்கள் கடையில் எல்லோரிடமும் காட்டினார். நான் கூட லட்டு வாங்கி வரச் சொன்னேன், அவர் காசில்.

போவதற்கு முதல் நாள் சாயந்திரம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். கருவேப்பிலங்குறிச்சிக்கார அம்மாள் ஒருவர் ஆறு ஜாடிக்கு என்னைப் பிழிந்துகொண்டிருந்த நேரம். நான் முந்நூற்று அறுபதில் நிற்கிறேன், அவர் இருநூற்று நாற்பதை விட்டு நகரவில்லை, பையை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார்.

கொளஞ்சிநாதன் அட்டையை நீட்டினார். "மொதலாளி, திருச்சி வண்டிக்கு ஆறரன்னு போட்டிருக்குது. போன வருஷம் ஆறு இருவதுன்னு இருந்துது. ஜூலைல மாத்திட்டாங்க போலருக்கு. அப்ப ஆறு நாப்பதுக்கு எடுப்பான். அதான?"

கேட்டது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் விழுந்தது. வாசலில் நிற்கிற அம்மாளின் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"நீங்க சொன்னா சரிதாங்க."

எங்கள் கடையில் யார் எதைச் சொன்னாலும் முதலில் வருகிற பதில் அது. ஜாடி மூடி சின்னதாக இருக்கிறதே என்றால், நீங்க சொன்னா சரிதாங்க. எதிர்க்கடையில் விலை குறைவு என்றால், நீங்க சொன்னா சரிதாங்க. வாங்க வந்தவரை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு மெதுவாக நம் விலைக்கு இழுக்க வேண்டும். அப்படித்தான் வளர்ந்தேன். கொளஞ்சிநாதனிடம் விற்க எனக்கு ஒன்றுமில்லை, அதனால் அவரை எங்கும் இழுக்கவில்லை. ஒப்புக்கொண்டதோடு விட்டுவிட்டேன். அவர் போயிட்டு வரேன் என்று சொல்லிக் கிளம்பினார். ஜாடிகள் இருநூற்று எழுபதுக்குப் போயின.

மறுநாள் இரவு ஏழு மணிக்கு விருத்தகிரி சார் ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கடைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

எப்போதும் ஐந்தோ பத்தோ தாமதமாக வருகிற பாசஞ்சர் அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வந்து, ஆறரைக்கே எடுத்துவிட்டானாம். வண்டி நகரும்போது வாத்தியார் பெட்டி வாசல்படியில் நின்றிருக்கிறார். பிளாட்பாரத்தில் கொளஞ்சிநாதன் வந்திருக்கிறார். புதுச் சட்டை, கையில் பிளாஸ்டிக் பைல்.

"ஓடி வந்தாரா?" என்றேன்.

"ஓடி வந்திருந்தா கைய புடிச்சி ஏத்தியிருப்பேங்க. நடந்து வந்தாரு. டீயக் குடிச்சிட்டு, நிதானமா நடந்து வந்தாரு. போறது வேற ஏதோ வண்டின்னு நெனச்சிக்கினு, ஒதுங்கி நின்னு வழி வுட்டாருங்க."

 அடி வரியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மேஜைமேல் அடுக்கியிருந்த அட்டைகளைப் பார்த்தார், போய்விட்டார்.

மிச்சம் நடந்ததை இரண்டு மூன்று பேர் வாய் மூலமாகத் தெரிந்துகொண்டேன். ஆறு நாற்பத்தைந்து வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். அப்புறம்தான் போர்ட்டரைக் கேட்டிருக்கிறார். கையிலிருந்த காசைக் கணக்குப் பார்த்து, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வைக்காமல் ஓடியே போயிருக்கிறார். திட்டக்குடி, தொழுதூர் என்று ஊர் ஊராக நின்று போன பஸ், பெரம்பலூரில் இறங்கி இன்னொன்று. திருச்சியில் அந்த ஆபீஸ் வாசலை மிதித்தபோது மணி பத்தே முக்கால். மூப்பு வரிசைப்படி பெயர் கூப்பிட்டு, மூன்று தடவை கூப்பிட்டு, வரவில்லை என்று எழுதி, அடுத்த ஆளின் சான்றிதழைப் பார்த்து முடித்திருந்தார்கள். சட்டப்படி அவர்கள்மேல் தப்பில்லை. கொளஞ்சிநாதன் அங்கே அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஜாடி படம் போட்ட அட்டையைப் பார்த்து ஒரு குமாஸ்தா, இதில் ஆறரை என்று சரியாகத்தானே போட்டிருக்கிறது என்று கேட்டாராம்.

 அவர் கையில் இருந்த ஆதாரமும் அவருக்கு எதிராகவே பேசியது. அச்சில் என்மேல் ஒரு குற்றமும் கிடையாது.

மீதி அட்டை ஆயிரத்து நூறு இருந்தது. என்ன செய்வதென்று பழைய பேப்பர்க்காரனுக்குப் போடும்வரை புரியவில்லை. திரும்பப் பத்து நிமிடம் குறைத்து அடித்தால், இந்த அட்டை சரியானது என்று இப்போது தெரிந்துகொண்டவர்கள் முன்னாலேயே போய்க் காத்திருப்பார்கள். குறைக்காவிட்டால் தெரியாதவர்கள் வண்டியை விடுவார்கள். இருபது வருஷம் எல்லோரும் ஒன்றாக நம்பிய பொய். உண்மையைப் பாதிப் பேர்தான் நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பட்டறைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. கொளஞ்சிநாதன் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார், மறுபடி உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி செல்வநாயகி தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றார்.

நான் பேச ஆரம்பித்தேன். நம் கோடவுனுக்கு ஓர் ஆள் வேண்டும், மாசம் இரண்டாயிரம் என்றேன். அவர் ஒரு கம்பியை நிமிர்த்தினார். இரண்டாயிரத்து ஐந்நூறு என்றேன். ரேடியோவின் ஒரு திருகாணியைத் துடைத்தார். மூவாயிரம், தீபாவளிக்கு ஒரு மாசச் சம்பளம் என்றேன். என் வாழ்க்கையில் எதிராளி வாயைத் திறக்காமல் நானே என்னிடம் ஏற்றிக்கொண்டே போன பேரம் அது ஒன்றுதான். மூவாயிரத்து ஐந்நூறில் என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டதால் நிறுத்தினேன்.

அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "கேட்டுட்டுதான மொதலாளி போனேன்."



செல்வநாயகி உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் பழைய கட்டுரை நோட்டு. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது.

"நீங்க சும்மா குடுக்கறதா சொல்றத நாங்க வாங்கறாப்பல இல்லீங்க" என்றார். "ஆனா போயி வந்த செலவு ஒங்க வார்த்தையால வந்தது. அத மட்டும் வாங்கிக்கறேன். படிக்கறேன், தப்பு இருந்தா சொல்லுங்க."

படித்தார். திருச்சிக்கு இரண்டு பஸ்ஸும் சேர்த்து நாற்பத்தாறு. சாயந்திரம் திரும்பி வந்த பாசஞ்சர் டிக்கெட் இருபத்திரண்டு. ஜெராக்ஸ் மூன்று செட், முப்பத்தாறு. போட்டோ நாற்பது. அன்றைக்குப் போன சூளைக் கூலி நூற்றுப் பத்து. மத்தியானச் சாப்பாடும் டீயும் இருபத்தேழு.

"சட்ட எரநூறு ஆச்சி. அத சேக்கல. அவரு போட்டுப்பாரு."

நோட்டில் அதற்குக் கீழே அரைப் பக்கம் வெற்றாக இருந்தது. என் கண் அங்கே போனதை அவர் பார்த்துவிட்டார்.

"மிச்சம் இருக்குதுங்க. அத எழுதல. எழுதினா நீங்க பேரம் பேசுவீங்க."

மொத்தம் இருநூற்று எண்பத்தொன்று. நான் மனசுக்குள் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மூன்று நூறு ரூபாய்த் தாள்களை நாற்காலிமேல் வைத்தேன், இருக்கட்டும் என்றேன். செல்வநாயகி அரிசி டப்பாவைத் திறந்து, ஒரு பத்து ரூபாய்த் தாள், ஓர் ஐந்து ரூபாய்க் காசு, இரண்டு இரண்டு ரூபாய்க் காசு, ஆகப் பத்தொன்பதை என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.