மைனஸ் பதினொன்று

ஸ்பெயினில் ஒரு கம்பெனி, "ஒரே ஒரு கன்டெய்னர் அனுப்புங்கள். நன்றாக வந்து சேர்ந்தால் மாதாமாதம் எடுக்கிறோம், இல்லையென்றால் இத்தோடு விட்டுவிடலாம்" என்று சொல்லியிருந்தது. திருவொற்றியூரில் இறால் கொட்டகை நடத்திய மலர்க்கொடிக்கு வேறு போக்கிடம் இல்லை. உள்ளூர் வியாபாரம் படுத்துவிட்டது. இந்தப் பெட்டி ஒழுங்காகப் போனால் கொட்டகை பிழைக்கும், தோலுரிக்கும் முப்பது பெண்களுக்கும் வேலை இருக்கும். போகாவிட்டால் பூட்டுதான்.

அதற்குத் திட்டம் போட வந்தவன் முதஸ்ஸிர். வண்ணாரப்பேட்டைக்காரன், குளிரூட்டும் கன்டெய்னர்களோடு வருஷக்கணக்காக மாரடித்தவன். எண்ணூர் சாலையில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் வேண்டும், கொழும்பில் கப்பல் மாறும்போது பெட்டிக்குக் கரண்டு யார் கொடுப்பார்கள், ஸ்பெயினில் சோதனைக்குக் கதவைத் திறந்தால் எத்தனை டிகிரி ஏறும் என்று எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தான்.

கொட்டகை ஆட்களுக்குப் பெட்டி என்றால் ஐஸ் பெட்டி. மீனைப் போட்டு மூடினால் பெட்டி பார்த்துக்கொள்ளும். அந்த நினைப்பை உடைக்கவே அவனுக்கு ஒரு வாரம் ஆனது.

"இந்த டப்பா எறாவ உறைய வெக்காதுக்கா. உறைஞ்சத அப்டியே வெச்சிக்கும், அவ்ளோதான். நம்ம ஃப்ரீசர் ரூம்லயே மைனஸ் பதினெட்டு வந்தப்புறம்தான் ஏத்தணும்."

"அப்ப இம்மாம் பெரிய மிஷினு அது மண்டைல இன்னாத்துக்கு?" என்றாள் தோலுரிக்கும் குணசுந்தரி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் புரிந்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு ஏற்றுவது என்று முடிவானது. அதற்குள் இறால் நன்றாக உறைந்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் மலர்க்கொடி வந்து நின்றாள்.

"நாளிக்கு காலைலயே ஏத்திடலாம் நைனா. பத்தரைக்கு ராவுகாலம். அதுக்கு முன்ன ஆரம்பிச்சிட்டா தேவல."

பன்னிரண்டு மணிக்கு அது முடிந்துவிடுமே, அப்புறம் ஏற்றினால் என்ன என்று கேட்க முதஸ்ஸிருக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவர்கள் நல்ல நேரம், அவர்கள் சாமி. அதில் தான் போய் மூக்கை நுழைப்பதா என்று தலையாட்டிவிட்டான்.

மறுநாள் காலை லாரிக்கு மாலை போட்டுப் பூசணிக்காயும் சுற்றியாயிற்று. பெண்கள் கைகூப்பி நின்றார்கள். முதஸ்ஸிர் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து நடுவில் தெர்மாமீட்டர் ஊசியைச் செருகினான். மைனஸ் பதினொன்று. வேறு பெட்டி பார்த்தான். அதே கதைதான். மலர்க்கொடி கற்பூரத் தட்டோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னா நைனா, போலாமா?"

எனக்கு இந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வருகிறது. கையில் தெர்மாமீட்டர் வைத்திருப்பவனுக்கு வாய் இருக்க வேண்டாமா? எரிகிற கற்பூரத்தையும் அத்தனை முகங்களையும் பார்த்தான். கன்டெய்னர் மிஷின் கொஞ்சம் கொஞ்சமாக மைனஸ் பதினெட்டுக்கு இறக்கிவிடும் என்று, தானே ஒரு வாரம் மறுத்துச் சொன்ன பொய்யைத் தனக்கே சொல்லிக்கொண்டான்.

"போலாம்க்கா."

ஒரு மாதம் கழித்து ஸ்பெயினிலிருந்து வீடியோ வந்தது. உதிரி உதிரியாக இருக்க வேண்டிய இறால் கட்டிக் கட்டியாக ஒட்டிக் கிடந்தது. ஒருவன் அதைச் சுத்தியலால் தட்டிக் காட்டினான். ஓரத்தில் இருந்தவை நிறம் மாறியிருந்தன. மொத்தத்தையும் அங்கேயே அழிக்கப்போகிறார்கள், இனிமேல் இந்தக் கொட்டகையிலிருந்து எதுவும் வேண்டாமாம்.

மலர்க்கொடி போனைக் கவிழ்த்து வைத்தாள். எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டு, கடைசியில் முதஸ்ஸிரையே கேட்டாள்.

"ஏத்தும்போது எவ்ளோ இருந்துச்சு?"

"பதினொன்னு."

"அப்ப போலாம்னு இன்னாத்துக்குடா சொன்ன?"

"உங்க ராகுகாலம்க்கா. அத நான் வேணான்னா நல்லாவா இருக்கும்? நீங்க தப்பா நெனைச்சுப்பீங்கன்னு..."

மலர்க்கொடி அவனை வெறித்துப் பார்த்தாள்.

"ராவுகாலம் பாத்தா எங்க வூட்டாளு கடலுக்குப் போறாரு? நீ பன்னெண்டரைக்கு ஏத்தலாம்ன. வெள்ளிக்கெழமைல அது நீ தொழுவப் போற நேரம்டா. எங்களுக்கோசரம் வுட்டுடுவன்னு தெரியும். நேரா சொன்னா ஒத்துக்க மாட்ட. அதான் ராவுகாலம்னு ஒண்ணு சொல்லி வெச்சேன். எறா சரியா உறையலன்னா நீ சொல்லிடுவன்னு நெனச்சேன்."

அந்த வெள்ளிக்கிழமைத் தொழுகையை விட்டுவிடுவதென்று அவன் உண்மையாகவே முடிவு செய்து வைத்திருந்தான். காலையிலேயே ஏற்றி முடித்ததால் அன்று குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பள்ளிவாசலில் முன்வரிசையில் உட்கார்ந்தான். அங்கே வேறு எதுவும் கேட்கவில்லை. இந்தக் கன்டெய்னர் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் துஆ கேட்டான்.

யார்மேல் கோபப்படுவது என்றுகூட இப்போது அவனுக்குத் தெரியவில்லை.

வெளியிலிருந்து குணசுந்தரி குரல் கொடுத்தாள். "அக்கா, அடுத்த லோடு எப்பன்னு கேக்கறாளுங்க!"

மலர்க்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி லோடு இல்லை என்று அவர்களிடம் சொல்ல எழுந்து போனாள். கூடப் போக முதஸ்ஸிருக்குக் கால் வரவில்லை.