கனைக்க ஆளில்லாத மேசை

“உனக்குத் தொண்டை இல்லையா? நீயே கனைச்சுத் தொலைக்க வேண்டியதுதானே—”

“கனைச்சேன் அண்ணி, சத்தமே—”

“—பிள்ளைங்க மூணும் குச்சியாட்டம் கிடக்குதுங்க, ஊரே என் மூஞ்சியப் பாத்துக் கேக்குது—”

“—சத்தமே வரலைங்கறேன், காதுல வாங்குறீங்களா?”

சவில்லா ரீலுக்கும் அவள் புருஷனின் அக்கா மலிண்டாவுக்கும் நடந்த இந்தச் சண்டை, பெக்வே ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பண்ணைகள் எல்லாவற்றுக்கும் மனப்பாடம். விஷயம் இதுதான். மார்ச் மாதம் சவில்லாவின் புருஷன் இமானுவேல் ரீல் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து செத்தான். அதற்கப்புறம் அவன் வீட்டில் சாப்பாட்டு ஜெபத்துக்குக் குனிந்த தலைகள் நிமிர மறுத்தன. மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளாமல் குதிரையோடே வாழ்கிற எங்கள் சபை ஜனங்கள் இந்த ஜெபத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லாரும் குனிவார்கள், கொஞ்ச நேரம் கழித்து வீட்டு ஆண் தொண்டையைக் கனைப்பான், எல்லாரும் நிமிர்ந்து ரொட்டியை எடுப்பார்கள். இமானுவேலின் கனைப்பு தாழ்ப்பாள் விலகுகிற மாதிரி சின்னதாக இருக்கும். அது போன பிறகு அந்த மேசையின் மௌனத்தை முடித்துவைக்க ஆளில்லை. முதலில் சூப் ஆறும்வரை இருந்தது. கோடையில் புல் அறுக்கும் காலத்தில் தட்டிலிருந்த வெண்ணெய் உருகி ஓடும்வரை இருந்தது. இலையுதிர் காலத்தில், மதியம் குனிந்தவர்கள் மாடுகள் மடி கனத்துக் கத்தும்போதுதான் நிமிர்ந்தார்கள். ஜெபம் பண்ணாமல் சாப்பிடலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படி ஒரு வழி இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. நின்றுகொண்டு தின்றால் அது சாப்பாட்டில் சேராது என்று மூத்தவள் லவினா கண்டுபிடித்திருந்தாள். அதனால் மூன்று பெண்களும் பழத்தோட்டத்தில் நின்றபடி ஆப்பிள் கடித்தே வளர்ந்தார்கள்.

மலிண்டாவின் புருஷன் ஒருநாள் வந்து மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து கனைத்துப் பார்த்தான். முற்றத்தில் கோழிகள் நிமிர்ந்தன. மேசையில் யாரும் நிமிரவில்லை. பிறகு எங்கள் சபை டீக்கன் வந்தார். அவரும் மாட்டிக்கொண்டு, பால் கறக்கும் நேரம்வரை குனிந்தே இருந்துவிட்டு, கழுத்தைப் பிடித்தபடி வண்டியேறினார். “நீளமான ஜெபம். தப்பில்லை” என்று மட்டும் சொன்னார். பனிக்காலம் வந்ததும் மௌனம் ஜன்னல் வழியாக வெளியே வழிய ஆரம்பித்தது. சுவர்க்கடிகாரம் சத்தமில்லாமல் ஓடியது. பக்கத்துப் பண்ணை நாய் அந்த வேலியோரம் வந்தால் வாயைத் திறக்கும், குரைப்பு வராது. கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். குனிந்த தலைக்குத் தெரிவது சொந்தக் கைகள் மட்டும்தான். அந்தக் குளிர்காலம் பூராவும் சவில்லா தன் கைகளையே பார்த்தாள். கறுப்பு உடுப்பின் மடியில் கிடந்த அவற்றுக்கு வயசாவதை, ஒவ்வொரு மதியமும் கொஞ்சம் கொஞ்சமாக, வேறு வழியில்லாமல் பார்த்தாள்.

அடுத்த வருஷம் ஒஹாயோவிலிருந்து பென்யுவல் பீட்டர்ஷைம் என்கிற சேணம் தைக்கிறவர் இந்தப் பக்கம் குடிவந்தார். மனைவி இறந்துபோனவர், பிள்ளைகள் இல்லை. தோல் தூசி நெஞ்சில் இறங்கி, வண்டி வளைவில் திரும்புவதற்கு முன்பே இன்னார் வருகிறார் என்று தெரிகிற இருமல். தைத்து முடித்த குதிரைக் கழுத்துப்பட்டையைக் கொடுக்க ஒரு மதியம் ரீல் வீட்டு வராந்தாவில் கால் வைத்தார், இருமினார். உள்ளே நான்கு தலைகளும் நிமிர்ந்தன. சூப்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. சின்னவளுக்கு ஆவி பறக்கும் சூப்பைப் பார்த்த ஞாபகமே இல்லை, பயந்துபோய் அழுதாள்.

“உள்ள வாங்க, சாப்பிட்டுப் போங்க” என்றாள் சவில்லா.

“இல்லங்க, குதிரை நிக்குது.”

“நிக்கட்டும். அதுக்கு வேற என்ன வேலை?”

அதற்குப் பிறகு ரீல் வீட்டில் வார்கள் அறுந்துகொண்டே இருந்தன. கடிவாள வார், வயிற்று வார், ஏர் இழுக்கும் வார். பென்யுவல் அறுந்த முனையைத் தடவிப் பார்த்து, “உங்க குதிரை கத்தி வச்சிருக்கா?” என்று கேட்டார். “அதுக்குப் பல்லு கூர்மை” என்றாள் சவில்லா, ரொட்டி வெட்டும் கத்தியைத் துடைத்து உள்ளே வைத்தபடி. அவர் சிரிக்கவில்லை, ஆனால் தைத்ததைக் கொடுக்க எப்போதும் மதியம் பார்த்தே வந்தார். மூன்று பெண்களின் கன்னத்திலும் சதை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஊர்ப் பெண்கள் பாத்திரம் கழுவும்போது, ரீல் வீட்டுக் குதிரையின் பல்லைப் பற்றித்தான் பேச்சு.

மலிண்டாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “என் தம்பி உக்காந்த நாற்காலிடீ அது” என்றாள். “தெரியும் அண்ணி, தினம் தொடைக்கிறேன்” என்றாள் சவில்லா. மறுவாரம் மலிண்டா வெங்காயத்தையும் தேனையும் காய்ச்சிக் குப்பியில் அடைத்து, பென்யுவலின் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். இரக்கப்பட்டுக் கொடுத்தாளா, வேண்டுமென்றே கொடுத்தாளா என்று கேட்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நல்ல மருந்து. குப்பி காலியாவதற்குள் இருமல் போய்விட்டது.

சந்தோஷமாகத்தான் வந்தார் பென்யுவல். இமானுவேலின் நாற்காலியை விட்டுவிட்டு, சவில்லாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரோடும் குனிந்தார். நிமிரலாம் என்று பார்த்தார், முடியவில்லை. வலிய இருமிப் பார்த்தார். பஞ்சு மூட்டைக்குள் இருமினதுபோல் அது அவருக்குள்ளேயே நின்றுபோனது. கோழிக் குழம்பின் மேல் ஆடை படிந்தது, வெயில் மேசையைக் கடந்து சுவர் ஏறியது. மாடுகள் கத்தியபோது எல்லாரும் நிமிர்ந்தார்கள். அவர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“இத்தனை நாளா நீங்க சோறு போட்டது என் இருமலுக்கு. எனக்கில்ல.”

சவில்லா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் வேலிவரை கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

அவர் அப்புறம் வரவில்லை. மலிண்டா வந்து, “நல்லதுதான் போ, ஊர் வாய் மூடிச்சு” என்றாள். ஆனால் சவில்லாவுக்கு ஒரு விஷயம் பிடிபடாமல் இருந்தது. இப்போதும் மதியம் குனிந்தால் மாடு கத்தும்வரைதான், அவர் பக்கத்தில் குனிந்த அன்றைக்கும் அப்படித்தான். அப்படியிருக்க அன்றைய மதியம் மட்டும் ஏன் அத்தனை சீக்கிரம் தீர்ந்தது? அன்றைக்கு மௌனத்துக்குள் கூடுதலாக ஒரு மூச்சு இருந்தது. அவள் கைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கைகள், மெழுகு நூல் அறுத்த தழும்புகளோடு, ஒன்றுமே செய்யாமல் கிடந்தன. பனி உருகும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

எங்களில் பெண் தானாகப் போய்க் கல்யாணத்துக்குக் கேட்பதில்லை. டீக்கன் ரகசியமாகத் தூது போவார், ஆண் தரப்பிலிருந்து. சவில்லா கடைசியாக அறுத்து வைத்திருந்த வார்களை முடிச்சுப் போட்டுத் தானே குதிரையைப் பூட்டி, பட்டப்பகலில், மலிண்டாவின் ஜன்னலைத் தாண்டி வண்டி ஓட்டிப் போனாள். மலிண்டா ஜன்னல் திரையை விலக்கிப் பிடித்தபடியே நின்றதாகச் சொல்வார்கள். கடையில் எண்ணெய் வாடை. பென்யுவல் தோலை இடுக்கியில் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

“எது அறுந்துச்சு?”

“எதுவும் அறுந்துபோகல.”

“எனக்கு இருமல் திரும்பி வரலங்க. அதைக் கேக்க வந்தா—”

“அதுக்கு வரல. வந்தாலும் அது உங்க நெஞ்சுக்குக் கேடு. எங்க வீட்டு மௌனம் எங்கயும் போகாது, நாங்களும் ஆறின சூப்புக்குப் பழகிட்டோம்.” அவள் கதவோரமே நின்றாள். “அன்னிக்கு நீங்க பக்கத்துல குனிஞ்சிருந்தீங்களே, எனக்குச் சாயங்காலம் சீக்கிரமா வந்துடுச்சு. நாளைக்கும் வந்து குனிஞ்சு உக்காருங்களேன்.”