திருவிழாக் குழுவில் வந்த குரல்

போனை நம்பாதவன் நான். அதனால்தான் டவுனுக்கு பஸ் ஏறிப் போய், கிராம சேவகரின் காதருகே சொன்னேன். ஓடைக்கு மேலே, காடாய்ப்போன தேயிலைக்குள் கஜேந்திரன் கசிப்பு காய்ச்சுகிறான். அந்தக் கள்ளச்சாராயத்தைக் குடித்துத்தான் என் மகன் பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"என் பேரு வெளிய வரக்கூடாதுங்க ஐயா."

"எனக்கும் பொலிசுக்கும் மட்டுந்தான் தெரியும், வீரய்யா. பயப்படாம போங்க."

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போன மருமகள் சிவசக்தி, கொழுந்து பறிக்கப் போகாமல் ஓடி வந்தாள்.

"என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க?"

போனை நீட்டினாள். அனுமதி வாங்க, தேர் போகும் பாதையைப் பேச என்று, கோயில் திருவிழா வாட்ஸ்அப் குழுவில் கிராம சேவகரையும் சேர்த்திருந்தார்கள். பொலிசுக்கு அனுப்ப வேண்டிய குரல் பதிவை மனுஷன் தவறி அதில் பேசி வைத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை சுத்தி வளைக்கலாம் சேர். தகவல் தந்தது கீழ் லயத்து வீரய்யா."

"கஜேந்திரனும் இதுல இருக்கானா?"

"அவருதானே மாமா பொருளாளரு."

அவள் போனிலேயே கிராம சேவகரைக் கூப்பிட்டேன்.

"தெரியாம நடந்திருச்சு வீரய்யா. இப்பவே அழிச்சிடுறேன்."

"பெரட்டே கேட்டு முடிச்சிருச்சுங்க. யாரு யாரு காதுல அழிப்பீங்க?"

போனை வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் வாசலில் கஜேந்திரனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை.

"மகன் எப்படி இருக்கான் தாத்தா? தனியாவா போய் வர்றீங்க? பஸ் ரோட்டுக்கு எறங்குற வழி மோசம். பாத்து."

போய்விட்டான்.

"வெலிமடைக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிருங்க மாமா," என்று சிவசக்தி அழுதாள். மகனுக்குக் கட்டிய சோறு ஆறிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், கதவைச் சாத்தினேன், திறந்தேன்.

"அந்தக் குழுவுல நானும் பேசலாமா?"

அவள் தயங்கித் தயங்கி, குரல் பதியும் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள்.

"நான் வீரய்யா பேசுறேன். சொன்னது நாந்தான். கஜேந்திரன் இப்ப வந்து, வழி மோசம்னு சொல்லிட்டுப் போறான். எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்கு ஏதாச்சும் ஆனா, வழி மேல பழியப் போட்டுறாதீங்க."

கேட்டார்கள் என்று நீலக்கோடு விழுந்தது. கடைசியில் கிராம சேவகர் எழுதியதை சிவசக்தி வாசித்தாள்: 'இக்குழுவில் திருவிழா சம்பந்தமான விடயங்களை மட்டும் பதிவிடவும்.'

சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாசலுக்கு வாசல் போனோடு நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினேன். பக்கத்து வீட்டு இராக்கம்மா, கையில் குடையோடு.

"எனக்கும் பதுளையில ஒரு வேலை இருக்குண்ணே."

அவளுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. நான் கேட்கவில்லை. வழி குறுகலாக இருந்தது. அவளை முன்னால் விடாமல் நடந்தேன்.