வட்டத்துக்குள் நிற்காத குமிழ்

பச்சைக் குழந்தையை நேர் மேலிருந்து படம் எடுக்கும்போது கேமரா மட்டமாக இருக்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் தலை பெருத்துவிடும், அல்லது கால் நீண்டுவிடும். அந்தப் படத்தைப் பார்க்கும் தாயின் முகத்தில் சொல்லத் தெரியாத ஒரு குறை வந்து உட்காரும். அதனால் ட்ரைபாடில் குறுக்குக் கம்பி மாட்டி, கேமராவைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, கம்பி மேலிருக்கும் ரசமட்டத்தில் குமிழ் வட்டத்துக்குள் வந்து நிற்கும்வரை நான் குழந்தையைப் பார்க்கவே மாட்டேன். கொத்தனார் கையில் இருக்கும் அதே ரசமட்டம்தான், சட்டைப் பொத்தான் அளவில்.

ராஜபாளையத்தில் படம் எடுக்கப் போன ஒரு வீட்டின் கடைசி அறையில் குமிழ் நிற்கவில்லை.

நடுவில் கொண்டுவந்து, திருகை இறுக்கி, கையை எடுத்தேன். குமிழ் மெல்ல நகர்ந்து சுவர்ப் பக்கம் போனது. ட்ரைபாடின் கால் இறங்குகிறதோ என்று பூட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுகித்தான் இருந்தன. நிமிர்ந்தபோது குமிழ் தானாகவே நடுவுக்கு வந்திருந்தது. சற்று நின்றது. மறுபடியும் சுவரை நோக்கிப் போனது.

வழுக்குகிற கால் வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். திரும்பி வராது.

ஸ்டாண்டைத் தூக்கிப் போய் ஹாலில் வைத்துப் பார்த்தேன். குமிழ் கல்லில் பதித்ததுபோல் நின்றது.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து போட்டோ பிடிக்க வந்தியளா, செவுரு கட்ட வந்தியளா?" என்றாள் குழந்தையின் அப்பத்தா ஞானபாக்கியம். "நீங்க மட்டம் பாத்து முடிக்கதுக்குள்ள பிள்ளைக்குப் பல்லு மொளச்சிரும் போல."

"அவிய வேலைய அவிய பாக்கட்டும்மா" என்று அவள் மகன் ஜெபின் சிரித்தான்.

மறுபடி அறைக்குள் போனேன். குழந்தையின் தாய் ஷெரின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை கீழே விரிப்பில் கிடந்தது. அவள் கேட்டாள், "போகுது, பொறவு வருதுல்லாக்கா?"

அவள் இருந்த இடத்திலிருந்து குமிழ் தெரியாது.

"படுத்தா முதுகுல தெரியும். தரை மூச்சு விடுது. சொன்னா, பேறுகாலத்துல புத்தி பேதலிச்சிட்டுங்காவ. நாளைக்கு என்னய ஜெப வீட்டுல கொண்டு விடப்போறாவளாம். கொணமாகுற வரைக்கும் பிள்ளை அத்தைகிட்ட இருக்குமாம்." அவளுக்குத் தாய் இல்லை. போய் ஒதுங்க ஒரு வீடும் இல்லை. "பால் கட்டிக்கிட்டா என்ன செய்வேன்?" என்றாள், என்னிடம் இல்லை, குழந்தையிடம்.

குமிழையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது போகும்போது என் மூச்சு உள்ளே போவதும், வரும்போது வெளியே வருவதும் எப்போது தொடங்கியதென்று தெரியவில்லை. மூச்சைப் பிடித்து நிறுத்தினேன். குமிழ் நிற்கவில்லை.

'ஸ்டாண்டு பழசாயிட்டு' என்று சொல்லிவிட்டு ஹாலிலேயே படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். எனக்குப் பழகிய வழி அது. 'ஒனக்குத்தான் அப்படித் தோணும் ஸாவித்ரி' என்று என் வீட்டில் சொல்லும்போதெல்லாம், நான் பார்த்ததை விட்டுவிட்டு என்னையே சந்தேகப்படத் தொடங்கிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் பார்த்ததே இல்லையென்றும் ஆகிவிடும். கட்டிலில் இருந்தவளுக்கு அது ஒரே நாளில் நடக்கப்போகிறது.

"இந்த ரூமுக்கு அடியில என்ன இருக்கு?" என்று வாசலில் நின்றவர்களைப் பார்த்துக் கேட்டேன்.

"பழைய கெணறு" என்றான் ஜெபின். "தண்ணி வத்திட்டுன்னு மூடிட்டு இந்த ரூமை எடுத்தோம்."

"மூச்சுக்குழாய் விட்டீங்களா?"

எங்கள் பக்கத்தில் யாரும் கிணற்றைச் சும்மா மூடுவதில்லை. மண் கொட்டுமுன் அடியிலிருந்து ஒரு குழாயை நட்டு, வாயை வெளியே திறந்து வைப்பார்கள். மூடிய கிணறும் மூச்சுவிட வேண்டும் என்பார்கள்.

"கொத்தனார் வச்சாரே. அந்த மூலையில நீட்டிக்கிட்டு நின்னுச்சு." ஜெபின் மூலையைப் பார்த்தான். அங்கே வழுவழுப்பான டைல்ஸ்தான் இருந்தது. "எம்மா, அது எங்க?"

ஞானபாக்கியம் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள். "நாந்தான் அறுத்து மூடச் சொன்னேன். சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க வீட்டுல கெணத்துக்கு என்னலே மூச்சு? அதெல்லாம் இவிய கோயில் ஊரு நம்பிக்கை."

நான் வாதாடவில்லை. "செத்த நேரம் இங்க வந்து இதைப் பாருங்கம்மா" என்றேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். "நீங்க ஆட்டுதியளோ?" நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். குமிழ் போனது. வந்தது. அவள் உதடுகள் ஜெபத்துக்காக அசைந்து, பாதியில் நின்றன. அவள் மார்பும் குமிழோடு ஏறி இறங்கத் தொடங்கியதை அவள் அறியவில்லை. நான் அறிந்தேன்.

சட்டென்று குனிந்து குழந்தையை அள்ளினாள். தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். கட்டிலருகே போய் ஷெரினின் மடியில் வைத்தாள்.

"எந்திரிட்டி. ஹாலுக்கு வா." மகன் பக்கம் திரும்பினாள். "ஜெபின், நாளைக்கு ஜெப வீட்டுக்கு வரலன்னு பாஸ்டருக்குப் போன் போட்டுச் சொல்லு. பொறவு கடப்பாரையை எடு."

டைல்ஸ் உடைந்ததும், அறுபட்ட குழாயின் வாய் தெரிந்தது. அதற்குள் அடைத்திருந்த சிமெண்டுக் கட்டியை ஜெபின் நெம்பினான். அது வெளியே வந்தபோது, அடக்கி வைத்திருந்த ஒன்று நீளமாக, குளிர்ச்சியாக அறை முழுதும் பரவியது. பாசி வாடை. ஜன்னல் திரை எழும்பி, நெடுநேரம் அப்படியே நின்றது.

ட்ரைபாடைப் பார்த்தேன். குமிழ் நடு வட்டத்தில் அசையாமல் இருந்தது.

"நின்னுட்டாக்கா?" ஷெரின் குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"நின்னுட்டு."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி இல்லை. "ராத்திரியெல்லாம் என்கூட முழிச்சிருந்தது அது ஒண்ணுதான்" என்றாள்.

பிறகு குழந்தையின் தொப்பியிலிருந்த ரிப்பனை அவிழ்த்து, மூலைக்குப் போய்க் குழாயின் வாய்மேல் தொங்கவிட்டாள். ரிப்பன் மெல்ல மேலே எழும்பியது. பின் உள்ளே இழுபட்டது. மறுபடி எழும்பியது. அவள் தோளில் தூங்கிய குழந்தையின் முதுகு, அதே கணத்தில் ஏறி, அதே கணத்தில் இறங்கியது.