வெடிப்பு விழுந்த வயர்

வோபர்ன் கராஜில் இக்னேசியசை யாரும் இக்னேசியஸ் என்று கூப்பிடுவதில்லை. அங்கே அவன் பெயர் ‘அம்மா’. வெள்ளைக்கார முதலாளி டக் வைத்த பட்டம் அது. வேலைக்கு வந்த புதிதில், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்தனுப்பும் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பச் சொன்ன டக், அதில் வேண்டுமென்றே வெடிப்பு விழுந்த பிளக் வயர் ஒன்றை மாட்டி வைத்திருந்தான். கரண்ட் அடித்ததும் இக்னேசியஸ் வாய்விட்டு அம்மாவைக் கூப்பிட்டான். அன்றோடு மானம் கப்பலேறியது. கார் திருத்த வருகிற சனமும் அதே பெயரால்தான் கூப்பிட்டது.

டக் அந்த வயரை எறியவில்லை. அடுத்துப் புதிதாக வருகிறவனுக்கென்று ஆணியில் தொங்கவிட்டான். அவன் கத்தினால் பட்டமும் அவனுக்கே போய்விடும் என்று சொல்லியிருந்தான். அந்த அடுத்தவனுக்காகத்தான் இக்னேசியஸ் தவம் கிடந்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் மாமாங்கம் என்றொருவனை அவனே டக்கிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டான். மட்டக்களப்பு ஆள், வாயில்லாப் பூச்சி. ஊரில் ஆமி காம்பில் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல என்று, தமிழ்ச் சனம் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்ததை இக்னேசியஸ் வசதியாக மறந்துவிட்டான். அண்ணன், அண்ணன் என்று நன்றி சொல்லி மாளவில்லை மாமாங்கத்துக்கு. பாவம், எதற்குச் சேர்த்துவிட்டான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை, எட்டு சிலிண்டர் வைத்த பழைய செவெல் கார் ஒன்று வந்தது. வெடிப்பு வயரை இக்னேசியசே மாட்டினான். வேடிக்கை பார்க்க எல்லாரும் கூடிவிட்டார்கள். எஞ்சினின் கீழே சுழலும் புல்லிச் சக்கரத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். டைமிங் லைற் மின்னும்போது அது உரிய இலக்கத்துக்கு நேரே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் மேலே டிஸ்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பவேண்டும். இக்னேசியஸ் லைற்றைப் பிடித்துக்கொண்டு, டிஸ்ரிபியூட்டர் மூடியில் கை வைக்க மாமாங்கத்திடம் சொன்னான்.

“மெல்லத் திருப்பட்டா அண்ணன்?”

“ஓம், திருப்பு.”

மாமாங்கத்தின் உடம்பு விறைத்தது. கண்கள் மூடிக்கொண்டன. ஆனால் அவன் கத்தவில்லை, கையை எடுக்கவுமில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. டக் பதறிப்போய் எஞ்சினை நிறுத்திய பிறகுதான் அது எல்லாருக்கும் கேட்டது.

“மம தன்னே நே, மாத்தயா. மம தன்னே நே, மாத்தயா.”

சிங்களம். ‘எனக்குத் தெரியாது, ஐயா’ என்று அர்த்தம். விசாரணையில் ஆமிக்காரனுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். அங்கே அது விளங்கியது இக்னேசியசுக்கு மட்டும்தான்.

சிரிக்க வந்தவர்கள் முகத்தை முகம் பார்த்தார்கள். என்ன சொல்கிறான் என்று டக் கேட்டான். உண்மையைச் சொல்லியிருந்தால் டக் வயரைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்திருப்பான். அந்தளவுக்கு அவன் கெட்டவன் இல்லை. ஆனால் வயர் குப்பைக்குப் போனால் பட்டம் யார் தலையில் நிற்கும்?

கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோலக் கூச்சமாக இருக்கிறதாம் என்று இக்னேசியஸ் ஆங்கிலத்தில் சொன்னான். கராஜே விழுந்து விழுந்து சிரித்தது. டக்கும் தெம்பாகி எஞ்சினைத் திரும்ப ஸ்ரார்ட் பண்ணினான்.

“இன்னொருக்காப் பிடி. கோடு இன்னும் நேருக்கு வரேல்லை,” என்றான் இக்னேசியஸ். கோடு எப்போதோ நேருக்கு வந்துவிட்டது.

மாமாங்கம் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தான். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுத் தானாகவே நீட்டினான்.

“சரி, மாத்தயா.”