யூரியா குடித்த பாத்தி

நேவியோவின் இடுப்பு எழும்போதே விண்ணென்று தெறித்தது. கால்சட்டையை மாட்டுவதற்குள் இரண்டு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் உப்பளத்துக்குப் போயே ஆகவேண்டும். அவன் பாத்தி அழுகிக்கொண்டிருந்தது.

செச்சோவ்லே உப்பளத்தில் உப்பு வெறும் சேற்றின்மேல் விளைவதில்லை. அடியில் பெத்தோலா என்ற தோல் படர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சேர்ந்து பின்னிய தோல். அது கெட்டியாக இருந்தால்தான் வாருபலகையில் சேறு ஒட்டாமல் வெள்ளை உப்பு வரும். அது கிழியக்கூடாது என்றுதான் எல்லோரும் தட்டைப் பலகைச் செருப்போடு நடப்பார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் போரா என்ற வாடைக்காற்று நேவியோவின் பாத்தியைப் பிராண்டிவிட்டது. போன வருஷமே அவன் உப்பு சாம்பல் நிறம். மறுபடியும் அப்படியென்றால் பாத்தி வேறு ஆளுக்கு என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். தோல் சீக்கிரம் வளரட்டும் என்று தக்காளிக்கு வாங்கிவைத்த யூரியாவைக் கரைத்து ஊற்றினான். ஒரே வாரத்தில் பச்சைப்பாசி நுரைத்தது. தோல் பாலாடைபோலக் கிளம்பி மிதந்தது.

பக்கத்துப் பாத்தி ஸ்வோன்கா வந்து முகர்ந்து பார்த்தாள். என்ன போட்டாய் என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னான்.

"பட்டாணிக்கு எவனாவது யூரியா போடுவானாடா?"

"மாட்டாங்க."

"இதுவும் அந்த ரகந்தான். காத்துலேர்ந்தே தனக்கு உரம் பண்ணிக்கும். நீ கொட்டுனது பாசிக்கு விருந்து. லுப்லியானாலேர்ந்து வந்த விஞ்ஞானியம்மா இதப் பத்திப் படம் போட்டுக் காட்டுனப்ப எங்க இருந்த?"

"அங்கதான்க்கா. தூங்கிட்டேன்."

"அந்தக் குறட்டை நீதானா? பம்பு ஓடுதுன்னு நெனச்சேன்."

சிரிக்கத் தெம்பில்லை அவனுக்கு. இருவரும் தண்ணீரை வடித்து, அழுகலை வழித்து, கால்வாய்ச் சேற்றைப் புதிதாகப் பூசினார்கள். தோல் தானாகப் பிடிக்க அடுத்த வசந்தம் ஆகும். மேற்பார்வையாளர் அதுவரை பொறுக்கமாட்டார்.

ஸ்வோன்கா தன் பாத்திக்குப் போனாள். ஒரு மூலையில் பெத்தோலாவைக் கத்தியால் துண்டு துண்டாக அறுத்துப் பலகையில் ஏந்தி வந்தாள்.

"அக்கா, ஒன் உப்பு கறுத்துடுமே."

"அந்த மூலைல கறுக்கும். வாயப் பாத்துட்டு நிக்காம புடி, வழுக்குது."

முட்டி போட்டு ஒவ்வொரு துண்டாகப் பதித்தான். முடித்து நிமிர முடியவில்லை. அவள்தான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

கோடையில் துண்டுகள் ஒன்றோடொன்று மெல்லப் பிடித்துக்கொண்டன. உப்பு வெள்ளையாக வந்தது. மேற்பார்வையாளர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் தலையாட்டி அடுத்த பாத்திக்கு நடந்தார். அந்தப் பக்கம் ஸ்வோன்கா தினமும் தன் மூலையின் சாம்பல் உப்பைத் தனியாக ஒதுக்கிக் கொட்டினாள். நேவியோ அதைப் பார்த்துக்கொண்டே வாரினான். அவன் பாத்தியின் தோல் இன்னும் மெலிசு, அறுத்துக் கொடுக்க ஆகாது.

அவளுக்கு அவன் ஒரு மூலைப் பெத்தோலா தரவேண்டியிருந்தது.